எருக்கும் அதன் விசித்திர உறவுகளும்: கடலூர், புதுச்சேரி மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எருக்குக் குடும்பம் என்கிறீர்களே, அதில் எதெல்லாம் அடங்கும்?

நினைப்பதைவிடப் பெரிய கூட்டம். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் மணலில் நிற்கும் எருக்கு, வேலியில் ஏறும் வேலிப்பருத்தி, சர்க்கரை நோய்க்காரர்கள் தேடிப் போகும் சிறுகுறிஞ்சான், இலையே இல்லாமல் பச்சைக் கம்பிகளாகப் படரும் கொடிக்கள்ளி, கரடுகளில் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் கள்ளிமுளையான், நர்சரிகளில் தொங்கவிட்டு விற்கும் ஹோயா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்டபீலியா, ஹூயர்னியா, இதய வடிவ இலைகள் சரம் சரமாகத் தொங்கும் செரோபீஜியா எல்லாம் ஒரே கிளை. கொஞ்சம் தள்ளி நிற்கும் பங்காளிகள் நன்னாரியும் மாகாளிக்கிழங்கும். சித்திரை வெயிலில் நன்னாரி சர்பத் குடித்தவர், தயிர்சாதத்துக்கு மாகாளி ஊறுகாய் தொட்டுக்கொண்டவர் எல்லாம் இந்தக் குடும்பத்தை ஏற்கெனவே ருசி பார்த்தவர்கள்தான்.

1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் இவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். 1990-களின் இறுதியில் மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, அரளிக் குடும்பத்துக்குள்ளேயே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அதனால் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாமும் இப்போது உறவுதான்.

ஒடித்தால் பால் வந்தால் அது எருக்கு உறவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாவற்றிலும் பால் வரும். அவை ஆமணக்குக் குடும்பம். இன்னொரு பக்கம், ஸ்டபீலியாவையும் கள்ளிமுளையானையும் ஒடித்தால் பெரும்பாலும் தெளிந்த நீர்தான் கசியும். எருக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு பாலே இல்லை. அடீனியத்தில் பால் உண்டு, அதுவும் அரளிக் குடும்பம்தான், ஆனால் அது அரளிக்குத்தான் நெருக்கம்.

பாலை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள். அங்கே ஏமாற முடியாது.

பூவில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு இருக்கும் பைத்தியத்துக்குக் காரணமே அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நன்றாக விரிந்த எருக்கம்பூ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழ்கள், நடுவே ஐந்து முகடுகளோடு எழுந்து நிற்கும் கிரீடம். கிரீடத்தின் உச்சியில் தட்டையான ஐங்கோணம் ஒன்று தெரியும். அதன் ஒவ்வொரு மூலைக்கும் கீழே, பக்கவாட்டில், மெல்லிய பிளவு ஒன்று செங்குத்தாக ஓடும். பிளவின் மேல்முனையில் கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளி. மெல்லிய ஊசியை அந்தப் பிளவில் கீழிருந்து மேலாக இழுங்கள். ஊசிமுனையில் அந்தக் கருப்புப் புள்ளி கவ்விக்கொண்டு வெளியே வரும், அதன் இரண்டு பக்கமும் மெழுகு போன்ற மஞ்சள் பை ஒவ்வொன்று தொங்கும். அந்தப் பைகள்தான் மகரந்தம். மற்றப் பூக்களில் தூளாக உதிர்வது இங்கே பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பூவுக்கு ஐந்து ஜோடி.

தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் காலில் இந்தக் கருப்புப் புள்ளி கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். வண்டு அடுத்த பூவுக்குப் போகும்போது, அங்குள்ள பிளவுக்குள் அந்தப் பை சரியாகச் செருகப்பட்டால்தான் காய். குறி தவறினால் அவ்வளவுதான். ஒரு செடியில் அத்தனை கொத்துப் பூ இருந்தும் காய் விரல்விட்டு எண்ணும்படி இருப்பது இதனால்தான். மரத்தைக் குடைந்து கூடு கட்டுகிற தச்சுத் தேனீ என்று சொல்லும் அந்தக் கருவண்டு கனமானது, வலுவானது. சிறிய பூச்சிகள் சிலசமயம் இந்தக் குடும்பத்துப் பூக்களில் கால் மாட்டி, இழுக்கத் தெம்பில்லாமல் அங்கேயே செத்துக் கிடப்பதையும் பார்க்கலாம்.

இப்படிக் கொத்தாக மகரந்தத்தைக் கட்டித் தருவது ஆர்க்கிட் குடும்பமும் இந்தக் கூட்டமும்தான். இரண்டுக்கும் உறவே கிடையாது, தனித்தனியாக அதே உத்திக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ராபர்ட் பிரவுன் இந்த இரண்டு கூட்டங்களிலும் கருவுறுதல் எப்படி நடக்கிறது என்று 1831-இல் ஆராய்ந்து எழுதியபோதுதான், செல்லுக்குள் தெரிந்த உருண்டைக்கு நியூக்ளியஸ் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் வரைந்த செல்லின் கரு, இந்தக் குடும்பத்துப் பூக்களோடு தொடர்புள்ள சங்கதி.

வீட்டில் எருக்கு வைத்தால் ஆகாது என்கிறார்களே?

பாழடைந்த மனையில் எருக்கு முளைக்கும் என்பதால் வந்த பேச்சு அது. யாரும் கவனிக்காத, காய்ந்த, மட்டமான மண்ணிலும் எருக்கு வரும். எருக்கு வந்ததால் வீடு பாழாகவில்லை, வீடு பாழானதால் எருக்கு வந்தது.

நம் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரப்பட்டினத்தில் இருக்கும் சிவன் கோவிலுக்குத் தலமரம் வெள்ளெருக்குதான். தேவாரப் பாடல் பெற்ற தலம், ஊரின் பழைய பெயரே எருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குகிறோம், ரதசப்தமிக்கு எருக்க இலையைத் தலையில் வைத்துக் குளிக்கிறோம். செடி மட்டும் வாசலில் நிற்கக் கூடாதா?

வெள்ளெருக்கும் ஊதாப் பூ எருக்கும் ஒரே இனம், நிறம்தான் வேறு. வறண்ட உள்பகுதிகளில் இன்னொரு எருக்கு உண்டு. அதன் இதழ்கள் மடங்காமல் நிமிர்ந்து நிற்கும், நுனியில் மட்டும் ஊதா தீற்றியிருக்கும்.

தொட்டியில் வைப்பதைவிடத் தரையில் வைப்பது நல்லது. ஆணிவேர் ஆழமாகப் போகும், அதனால் பெரிய செடியைப் பெயர்த்து நடாதீர்கள், பிழைக்காது. விதை போடுங்கள், அல்லது முற்றிய குச்சியை வெட்டிப் பால் காயவிட்டு நடுங்கள். உரம் வேண்டாம். வேரூன்றிய பிறகு தண்ணீரும் வேண்டாம்.

பால் கண்ணில் பட்டுவிட்டால்?

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டிவிட்டுக் கண்ணைக் கசக்கினாலே போதும். எருக்கம்பாலில் ஒரு தந்திரம் இருக்கிறது: முதலில் வலியே இல்லாமல் பார்வை மட்டும் மங்கலாம். வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டால் கருவிழி வீங்கும். உடனே சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் விடக் கூடாது.

உள்ளே போனாலும் ஆபத்துதான், இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத மூலையில் வையுங்கள். வெட்டும்போது கையுறை.

மாடியில் முதன்முதலாக வைக்க எது லேசு?

ஸ்டபீலியா, ஓர்பியா, ஹூயர்னியா. இந்த வரிசையில் வாங்குங்கள். ஓர்பியாவின் பூ மஞ்சளில் பழுப்புப் புள்ளி தெளித்தது. ஹூயர்னியாவில் வரிக்குதிரைக் கோடு போட்ட இதழ்களுக்கு நடுவே வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் தடித்த வளையம் ஒன்று இருக்கும். பூ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான், ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

ஒரு துண்டுத் தண்டு கிடைத்தால் போதும். கணுவில் ஒடித்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் போட்டு வையுங்கள். அப்புறம் மண்கலவையின் மேல் படுக்க வையுங்கள், புதைக்காதீர்கள். அடிப்பக்கம் வேர்விடும்.

மண்கலவை என்ன?

கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, சலித்துக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய இலை உரம் அரைப் பங்கு, கொஞ்சம் கரித்துண்டு. கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், உப்பு. நர்சரிக் கலவையில் தென்னைநார்க் கழிவு அதிகம் இருக்கும், மழைக்காலத்தில் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடி வாங்கி வந்ததும் அதை உதறி மாற்றிவிடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த மண்தொட்டி சிறந்தது. வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில்தான் ஓடும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு? எனக்கு எல்லாம் அழுகிப் போகிறது.

இணையத்தில் படிக்கும் குறிப்புகள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனியிலிருந்து காப்பாற்று, வீட்டுக்குள் எடுத்து வை என்றெல்லாம் இருக்கும். நமக்கு மார்கழியிலும் குளிர் ஒரு பொருட்டே இல்லை. நம் எதிரி ஐப்பசி, கார்த்திகை. ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வெயிலும் இல்லாமல், காற்றும் ஈரமாக, மண் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும்போது தண்டின் அடி கருக்கும். கருத்த இடத்தை அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும்.

அதனால் புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளை ஷீட் கூரைக்கு அடியிலோ சன்ஷேடுக்குக் கீழேயோ நகர்த்திவிடுங்கள். காற்று போகவேண்டும், பாலித்தீன் போட்டு மூடாதீர்கள். மழைவிட்ட இரண்டாம் நாள் வெயில் அடித்தால் வெளியே எடுத்து வைக்கலாம் என்று கை பரபரக்கும். பொறுங்கள், தை பிறக்கட்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் புயல் அறிவிப்பு வரும்போதாவது இறக்கிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோடையில் நேர்மாறு. கள்ளி மாதிரித்தானே என்று காயப் போட்டால் தண்டு சுருங்கிச் சிவக்கும். மே மாத உச்சி வெயிலில் பச்சை வலை நிழல் கொடுத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றுங்கள், மாலையில். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கண்டால் அதுதான் அடையாளம். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைக் கொடுங்கள்.

அழுகல் ஆரம்பித்துவிட்டால் மேலே நல்ல தண்டு இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் மேலே. சுத்தப் பச்சை தெரியும்வரை வெட்டிக் காயவைத்துப் புதிதாக நடுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்டபீலியா பூ செத்த எலி நாற்றம் அடிக்கிறது. ஏன்? பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

ஈக்களை ஏமாற்றத்தான். பெரிய ஸ்டபீலியாவின் பூ ஓர் அடி அகலம்வரை விரியும். வெளிர்மஞ்சள் தோலில் கருஞ்சிவப்புச் சுருக்கங்கள், மேலே மெல்லிய ரோமம். அழுகிய தோல் என்று நம்பி ஈ உட்கார்ந்து நடுவில் வெள்ளை வெள்ளையாக முட்டை இட்டுவிட்டுப் போகும். போகும்போது காலிலோ வாயிலோ மகரந்தப் பொட்டலம். பொரிந்த புழுவுக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது, பட்டினியில் சாகும். கொடுமைதான்.

மொட்டு உப்பத் தொடங்கியதும் தொட்டியை மாடியின் தூரத்து மூலைக்கு, காற்று வீட்டை நோக்கி வராத பக்கமாக மாற்றிவிடுங்கள். பூ சில நாள்தான். நாற்றமே வேண்டாம் என்றால் ஹூயர்னியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செரோபீஜியா இன்னும் ஒரு படி மேலே போகும். பூ ஒரு குழாய், உள்ளே வழுக்கும், கீழ்நோக்கிய ரோமங்கள் இருக்கும். குட்டி ஈ இறங்கினால் ஏற முடியாது. மகரந்தம் ஒட்டும்வரை சிறை. பிறகு ரோமம் வாடி வழிவிடும்.

கள்ளிமுளையான் நம்மூர்ச் செடிதானே? மலையிலிருந்து எடுத்து வரலாமா?

நம் செடிதான், தமிழ்நாட்டின் வறண்ட கரடுகளிலும் முள்காட்டு ஓரங்களிலும் வளர்வது. நான்கு பட்டையான சதைத் தண்டு, நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும், அதில் கருஞ்சிவப்புக் கோடுபோட்ட சின்னப் பூக்கள். பூக்காத காலத்தில் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. ஆடு மேய்ப்பவர்கள் பசிக்குக் கடித்துத் தின்பார்கள், துவையலும் உண்டு.

பிடுங்கி வராதீர்கள். மூலிகைக்காக மூட்டை மூட்டையாக அள்ளப்படுகிற செடி, நாமும் சேர வேண்டாம். வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.

அதைச் சாப்பிட்டால் எடை குறையுமாமே?

பசியைக் குறைக்கும் என்று மாத்திரையாக்கி உலகம் முழுக்க விற்கிறார்கள். நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. துவையலாக எப்போதாவது சாப்பிடுவது வேறு, எடைக்காகத் தினம் விழுங்குவது வேறு. தென்னாப்பிரிக்காவின் ஹூடியாவுக்கும் இதே கதை நடந்தது. பசி அடக்கும் செடி என்ற பெயர் பரவி, காட்டில் இருப்பதை அள்ள ஆரம்பித்ததால், அதன் பன்னாட்டு வணிகத்தை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சிறுகுறிஞ்சான் இலையை மென்று பார்க்கலாம், அது விளையாட்டு. மென்ற கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிக்காது, நறநறவென்று மட்டும் இருக்கும். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த இலையைப் பொடியாக்கிச் சாப்பிட வேண்டாம்.

ஹோயா ஏன் பூப்பதில்லை?

பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை. அறைக்குள் அலங்காரத்துக்கு வைத்தால் இலை மட்டும்தான். காலை வெயில் படும் கிழக்கு வராந்தா சரியான இடம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பியூபிகாலிக்ஸ் இனம் நம் கரையோரப் புழுக்கத்தில் சந்தோஷமாக இருக்கும். பூக்கொத்து வாடி விழுந்த பிறகு நிற்கும் குட்டைக் காம்பை வெட்டிவிடாதீர்கள், அடுத்த கொத்தும் அதே காம்பிலிருந்துதான் வரும். இந்த ஒரு காரணத்தால் பூவை இழக்கும் வீடுகள் நிறைய.

காதலர் தினத்துக்கு ஒற்றை இதய இலையைத் தொட்டியில் சொருகி விற்கிறார்களே, அதுவும் ஹோயாதான். வேர்விடும், ஆண்டுக்கணக்கில் பச்சையாகவும் இருக்கும், ஆனால் கணு இல்லாத இலை கொடியாக வளராது. கணுவோடு தண்டுத் துண்டு வாங்குங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்காக எருக்கு வைக்கிறேன். என்ன வரும்?

வெந்தய வரியன் நிச்சயம் வரும். இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு, முதுகில் மூன்று ஜோடிக் கருப்புக் கொம்புகள். அது இலையைத் தின்னத் தொடங்குமுன் நரம்பைக் கடித்து வெட்டுவதைக் கவனியுங்கள். பால் வரத்தை நிறுத்திவிட்டு அதற்கப்பால் உள்ள பகுதியைத் தின்னும். செடியின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, வளர்ந்த பூச்சியிலும் நிற்கும். தின்ற பறவை அடுத்த முறை தொடாது. இந்தப் பாதுகாப்பை ஓசியில் அனுபவிக்க, நஞ்சில்லாத வேறொரு பூச்சியின் பெண்கள் அச்சாக இதே வேஷத்தில் பறக்கின்றன.

பக்கத்தில் கிலுகிலுப்பை ஒரு பாத்தி போடுங்கள். வரியன்களில் ஆண்கள் அதன் காய்ந்த தண்டை மொய்க்கும், இணை சேரத் தேவையான வாசனைக்கு மூலப்பொருள் அதில்தான் கிடைக்கிறது.

சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெளிநாட்டுப் பால்செடியை நர்சரியில் அழகுக்கு விற்கிறார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, வரியன் அதிலும் முட்டை வைக்கும். ஆனால் வாய்க்கால் ஓரங்களில் தானே பரவும். தரையில் எருக்கு வைக்க இடம் இருப்பவருக்கு அது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மஞ்சள் அசுவினி, மாவுப்பூச்சி?

எருக்கில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மருந்து வேண்டாம், புழு இருக்கும். மஞ்சளும் நீலப்பச்சையுமாக வண்ணம் பூசிய வெட்டுக்கிளி வந்தால் ரசியுங்கள், அது இலையைத் தின்னும், செடி திரும்பத் துளிர்க்கும். ஸ்டபீலியாவில் மாவுப்பூச்சி வேரிலும் ஒளியும். காரணமில்லாமல் செடி சோர்ந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஸ்டபீலியாவுக்குப் பெயரே மாறிவிட்டது என்கிறார்களே?

2017-இல் புரூன்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் மரபணு உறவைக் காட்டி, ஸ்டபீலியா, ஹூயர்னியா, கராலுமா (நம் கள்ளிமுளையானின் பேரினம்) எல்லாவற்றையும் செரோபீஜியா என்ற ஒரே பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, முறைத்துக்கொண்டவர்களும் உண்டு. நாம் பழைய லேபிளைக் கிழிக்க வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பக்கம் சிவ்னேரி மலையில் வளரும் ஃப்ரேரியாவுக்கும் இதே பெயர்க் குழப்பம். 1865-இல் டால்செல் என்ற தாவரவியலாளர் விவரித்த செடி, ஸ்டபீலியா கூட்டத்தில் ஒழுங்கான இலை விடுவது அதுதான். காட்டில் அருமை, ஆனால் துண்டிலிருந்து எளிதாக வளரும். யாராவது பண்ணையில் வளர்த்த செடி கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம்.

புதுச்சேரியில் இவற்றைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள எங்கே போவது?

1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களை உலர்த்திப் பாதுகாத்து வைத்திருக்கும் தொகுப்பு இருக்கிறது. உயிரோடு பார்க்க, ஆரோவில்லைச் சுற்றி மீட்டெடுக்கப்பட்ட உலர் பசுமைமாறாக் காடுகள். அந்த வகைக் காட்டின் புதர்களில் கொடிக்கள்ளி, கொடிப்பாலை, நன்னாரியெல்லாம் சேர்ந்து கிடக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், 1834-இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் எருக்கு உறவுகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்.

காய் பிடித்திருக்கிறது. விதை எடுப்பது எப்படி?

ஜோடியாகக் கொம்பு விட்டிருக்கும், ஸ்டபீலியாவில் முற்ற மாதக்கணக்கில் ஆகும். பச்சை வெளுக்கத் தொடங்கியதும் காயைச் சுற்றி நூலால் தளர்வாக இரண்டு மூன்று கட்டுப் போடுங்கள், அல்லது பழைய கொசுவலைத் துண்டால் பை மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் வெடித்து, பஞ்சோடு பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். பஞ்சைப் பிய்த்துவிட்டு உடனே விதையுங்கள், புது விதை சில நாளிலேயே முளைக்கும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் குறையும். மாசி, பங்குனி நல்ல சமயம், அடுத்த மழைக்குள் நாற்று ஓரளவு தேறிவிடும்.